மச்சாளின் முகமும் என் கால்களும்

லண்டன்
16 பெப்ரவரி 2025

அன்பு மாக்கிரட்,

பலெர்மோ போய் இறங்கியும் நீர் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் எடுத்தால் ஸ்ரீபன்தான் எடுக்கிறான். "அவள் ஒருத்தரோடையும் கதைக்கிறாளில்லை அக்கா" என்கிறான். என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்த தம்பி பெண்சாதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? அதுதான் பேனையை எடுத்திருக்கிறேன். போனில் எழுதினால் றம்யா வாசித்துவிடுவாள். கல்யாண அலுவல் எல்லாம் என் போனில்தான் நடக்கிறது.

அந்த வீடியோக்காரப் பொடியன் செய்தது பிழைதான். "அந்த மாமியைக் கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ, வேறை ஒருத்தரும் படத்துக்குள்ளை தெரியினமில்லை" என்று அவ்வளவு சனத்துக்கு முன்னால் கத்தியிருக்கக் கூடாது. நான் சிரித்ததும் பிழைதான். வந்த சிரிப்பை நான் என்ன செய்ய? நீரும் யோசித்துப் பாரும். அந்தப் பச்சைச் சேலையை ஆர் உமக்கு எடுத்துத் தந்தது?

செப்டெம்பர் கடைசியில் கல்யாணம். றம்யாவுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமனும் மாமியும்தான் அவளைக் கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு உம்மை ஒருவராலும் பின்னுக்கு விட முடியாது. ஆகவே ஒரு விசயம் சொல்கிறேன், கோபிக்காமல் கேளும். இங்கே கிழமைக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். பேனை மாதிரி இருக்கும், நாமே குத்தலாம். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி பாதியாகிவிட்டாள். டாக்டரிடம் போகவும் தேவையில்லை, போனிலேயே கதைத்து எடுக்கலாம். உமக்கு அங்கே கிடைக்குமா என்று விசாரியும்.

அன்புடன்,
ஜூலி மச்சாள்


பலெர்மோ
2 மார்ச் 2025

ஜூலி மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக் குப்பைவாளிக்குள் போட்டேன். பிறகு கையை விட்டு எடுத்தேன். மீன் செதில் ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கிச் சேலையில் கொண்டுவந்து முடித்திருக்கிறீர்கள். அந்தப் பச்சைச் சேலையை எடுத்தது உங்கள் தம்பி. அவருக்கு அது வடிவாகத் தெரிந்தது.

நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடற்கரைச் சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்கப் பேய்க்கணவாய் கழுவி, மட்டி தேய்த்து, சாளை கிழித்து நிற்கிற உடம்பு இது. பெட்டி தூக்குகிற இடத்தில் இந்த உடம்பை ஒருவரும் குறை சொன்னதில்லை. உங்கள் மண்டபத்தில்தான் அது இடைஞ்சலாகப் போயிற்று. நீங்கள் சிரித்த சத்தம் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. 

ஆனாலும் விசாரித்தேன். வெட்கம் கெட்டுப்போய் விசாரித்தேன். எங்கள் குடும்ப டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி, வயிற்றை அமத்தி, இரத்தம் எடுக்கச் சொல்லி எழுதினார். "சிஞ்ஞோரா, இது நான் எழுதித் தருகிற சாமான் இல்லை. வேறு பெரிய டாக்டர் பார்க்க வேண்டும்" என்று தாள் தந்தார். அந்தப் பெரிய டாக்டருக்கு நாள் கேட்டால் கார்த்திகைக்குப் பிறகு வரட்டாம். மருந்துக்கடையில் கேட்டேன். டாக்டரின் கையெழுத்தில்லாமல் பெட்டியைக் கண்ணாலும் காட்டமாட்டார்கள். கடைசியில் நீங்கள் சொன்ன போன் வழியையும் பார்த்தேன். உங்கள் ஊர்க் கொம்பனி, "நீங்கள் இருப்பது இத்தாலியில், எங்கள் டாக்டர்மார் அங்கே மருந்து எழுத முடியாது" என்று கதவைச் சாத்திவிட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் என் உடம்பு காத்திருக்க வேண்டிய உடம்பு. அந்தப் பக்கம் அதே உடம்புக்கு வீட்டு வாசலில் மருந்து வருமாம். இது என்ன கோதாரிச் சட்டமோ.

எனக்கு அந்த ஊசி வேண்டும். இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் வேண்டும். அந்த வீடியோவில் என்னைப் பின்னுக்கு விடக் கூடாது.

மாக்கிரட்


லண்டன்
24 மார்ச் 2025

அன்பு மாக்கிரட்,

இதுதான் புத்தியுள்ள பெண். எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டேன்.

என் பெயரில், என் விலாசத்தில் பதிந்திருக்கிறேன். இங்கே சட்டம் இளக்கம் என்று நினைத்துவிடாதையும். இவர்களும் கண்ட கண்ட கேள்வி எல்லாம் கேட்கிறார்கள். போனில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். ஒரு சின்னப் பொடியன்தான் டாக்டர், தாடி கூட ஒழுங்காக முளைக்கவில்லை. "இது உங்கள் பாவனைக்குத்தானே, வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டீர்களே?" என்றான். "ஓம்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். உமக்காக எடுத்த ஆபத்து இது, மறக்காதையும்.

ஒரு வேலை உமக்கு இருக்கிறது. மாதம் மாதம் தராசில் ஏறி நின்று காலும் இலக்கமும் தெரிகிற மாதிரிப் படம் அனுப்ப வேண்டுமாம். நிறை குறைந்தால்தான் அடுத்த மருந்து வரும். நான் ஊசி போடப்போவதில்லையே, என் நிறை எப்படிக் குறையும்? ஆகவே உம்முடைய காலைப் படம் எடுத்து அனுப்பும், முதல் படத்தில் இருந்தே. பெருவிரலில் மீன் கத்தி விழுந்த தழும்பு இருந்தால் பரவாயில்லை, நகத்துக்குப் பூச்சு மட்டும் வேண்டாம். நான் பூசுவதில்லை என்று அவன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் போல இருக்கிறது.

எனக்கு ஏன் போடவில்லை என்று கேட்பீர். நான் கல்யாணப் பொம்பிளையின் தாய். என்னைப் பின்னுக்கு விடச் சொல்ல ஆர் இருக்கினம்?

முதல் பேனை அருளையா அண்ணையிடம் வருகிறது. அவர்தான் அங்கேயும் இங்கேயும் பறந்து சனத்தின் பொதி காவுகிறவர். ஐஸ் பையில் சுற்றி முறுக்கு டின்னுக்குள் வைத்திருக்கிறேன். இன்சுலின் என்று சொல்லியிருக்கிறேன். கடிதமும் அவரிடமே கொடுத்துவிடும். ஒருவரிடமும் மூச்சு விடாதையும். கொம்பனிக்குத் தெரிந்தால் என்னைப் பொலிசில் கொடுப்பார்கள்.

ஜூலி


பலெர்மோ
27 ஏப்ரல் 2025

ஜூலி மச்சாளுக்கு,

உங்கள் முறுக்கு டின்னைத் திறந்தபோது ஐஸ் உருகி, பேனை, கடிதம், நாலு முறுக்கு எல்லாம் ஒரே களியாகக் கிடந்தது. துடைத்து எடுத்துக் குத்தினேன்.

குத்துவது ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு படுகிற பாடுதான் சீலம்பாய். பெரிய வியாழன் பாதம் கழுவும் பூசையில் சுவாமியார் சனத்தின் காலைக் கழுவிக்கொண்டிருக்க, நான் வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். உயிர்த்த ஞாயிறுக்குச் சமைத்த ஆட்டிறைச்சியின் வாசம் எனக்குப் பிணவாடையாக இருந்தது. குசினியில் பேய்க்கணவாயின் காலைத் தூக்கினால் அது என் கையைச் சுற்றும், அது எப்போதும் நடக்கிறதுதான். இப்போது அது என் தொண்டைக்குள் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. உப்புப் பார்க்க நாக்கில் வைக்க முடியவில்லை. என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஞானம்பிகை அக்காதான் எனக்காக உப்புப் பார்க்கிறா. மட்டக்களப்புப் பக்கம், சைவக்காரி, சலரோகம் வேறு. "உனக்கென்ன பிள்ளை வயித்திலையோ?" என்று கேட்டா. நாற்பத்தாறு வயதில்! அந்த மனிசி சிரித்த சிரிப்பு ஒன்றுதான் இந்த மாதத்தில் எனக்குக் குமட்டாதது.

ஆனால் குறைகிறது. பாவாடை நாடா ஒரு சாண் கூடத் தொங்குகிறது. உங்கள் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் பல்லரோச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தெரிந்த சனம் நிற்கிற பக்கமாகப் பார்த்து நடத்துகிறார். இத்தனை வருசம் என்னை விட்டு நாலு அடி முன்னால் நடந்த மனிசன். 

கால் படம் அனுப்பியிருக்கிறேன். என் காலை முன்பின் தெரியாத ஒரு பொடியன் பார்த்து, "நல்லது" என்று சொல்லப்போகிறான். நினைத்தால் குளிக்க வேண்டும் போல இருக்கிறது.

மாக்கிரட்


லண்டன்
19 மே 2025

அன்பு மாக்கிரட்,

பகிடி கேளும். அந்த டாக்டர்ப் பொடியன் நேற்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முகத்திலேயே வித்தியாசம் தெரிகிறது, நன்றாகச் செய்கிறீர்கள்" என்றான். நான் முந்தின நாள்தான் றம்யாவின் கேக் ருசி பார்க்கப் போய் ஆறு துண்டு தின்றுவிட்டு வந்திருந்தேன். "தாங்க்யூ டாக்டர்" என்றேன். சத்தி வருகிறதா என்று கேட்டான். இல்லை என்றேன், எனக்கு வரவில்லைதானே. "அப்படியானால் அடுத்த அளவுக்கு ஏற்றுவோம்" என்று எழுதிவிட்டான். இந்த முறை வருகிற பேனை கொஞ்சம் பலமானது. பல்லைக் கடித்துக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு உமக்குச் சட்டைத் துணி வெட்டக் கொடுத்துவிட்டேன். என் அளவிலும் குறைத்துத்தான் கொடுத்தேன், அதற்குள் உடம்பைக் கொண்டுவந்துவிடும். ஆராவது கேட்டால் என்ன சொல்வீர்? ஏதாவது சாட்டு யோசித்து வையும்.

ஜூலி


பலெர்மோ
22 ஜூன் 2025

ஜூலி மச்சாளுக்கு,

நீங்கள் சாட்டு யோசிக்கச் சொன்னீர்கள். நான் யோசிக்க முந்தியே சனம் யோசித்துத் தந்துவிட்டது.

ஞாயிறுப் பூசை முடிந்து வாசலில் நின்றேன். பெண்டுகள் சுற்றிவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் நாரியைப் பிடித்துப் பார்க்கிறாள், ஒருத்தி தோளைக் கிள்ளிப் பார்க்கிறாள். சந்தையில் கோழி வாங்குகிற மாதிரி. "என்ன செய்யிறியள் மாக்கிரட்டக்கா?" என்று ஒரே ஆய்க்கினை. எனக்கு அந்தக் கைகளைத் தட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

"மலைக்குப் போறன்" என்றேன். அது உண்மை. இங்கே சைவம் வேதம் என்றில்லாமல் எங்கள் சனம் எல்லாம் ஞாயிறு பின்னேரம் பலெர்மோவைக் காக்கிற சாந்தா ரொசாலியா அம்மாவின் குகைக்கு மலை ஏறுகிறதுதான்.

"செருப்பில்லாமலோ?"

"ஓம்." அதுவும் உண்மை. எப்போதும் அப்படித்தான் ஏறுவேன்.

"சாப்பிடாமலோ?"

"ஓம்." எப்படிச் சாப்பிட? உங்கள் ஊசி என்னைச் சாப்பிட விட்டால்தானே.

மூன்று முறை "ஓம்" போட்டேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்தால் மலைப்பாதை முழுக்க எங்கள் பெண்டுகள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு. அம்மா புதுமை செய்து என்னை மெலிய வைத்தாவாம். அதைவிட மோசம், சுவாமி என்னைக் கூப்பிட்டு, அம்மாவின் திருநாளுக்கு எங்கள் தமிழ்ப் பூசையில் எழும்பிச் சாட்சி சொல்லட்டாம். ஒரு கொம்பனியின் ஊசிக்கு அந்தப் புனிதவதியின் பெயரை வைத்துவிட்டேன். நான் இதுவரை கழுவிய எந்த மீன் குடலும் இவ்வளவு நாறியதில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஞானம்பிகை அக்காவும் ஏறுகிறா. அவவுக்கு மெலிவு முக்கியமில்லை, சீனி இறங்க வேண்டும். சலரோகக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எனக்கே தெரியும், காலில் உணர்ச்சி இல்லை. சொன்னேன். "ஞானமக்கா, செருப்பைப் போடுங்கோ" என்றேன்.

"நீ போடேல்லையே" என்றா.

"எனக்கு வேறை, உங்களுக்கு வேறை."

"அம்மாவுக்கு எல்லாரும் ஒண்டுதான்."

போன ஞாயிறு சலரோகக் குளிசையும் போடாமல் வந்திருக்கிறா. வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றுகிறதாம். "அவ பாத்துக்கொள்ளுவா" என்று குகைப் பக்கம் கையைக் காட்டினா. மச்சாள், நான் இவவிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள். உங்கள் பெயரை இழுக்கமாட்டேன்.

மாக்கிரட்


லண்டன்
4 ஜூலை 2025

மாக்கிரட்,

உமக்கு விசரா? ஒருத்தியிடம் சொன்னால் பலெர்மோ முழுக்கத் தெரியும். அங்கே தெரிந்தால் இங்கே தெரியும். மாப்பிள்ளையின் தாய்க்கு பலெர்மோவில் சொந்தத் தங்கச்சி இருக்கிறா, பகேரியாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவ, உங்கள் பூசைக்குத்தான் வருகிறவ. மருந்துக் கள்ளி என்று என் பிள்ளையின் கல்யாணத்தைக் குழப்புவார்கள். பொய் முகம் காட்டிக் கையெழுத்துப் போட்டது நான், நீர் இல்லை.

அந்த மனிசிக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிடும், காரியம் முடிந்தது. சாட்சியையும் சொல்லிவிடும், என்ன குறைந்துவிடும்? "அம்மா பலம் தந்தா" என்று சொன்னால் அது பொய்யா? பலம் தராமலா இவ்வளவு தூரம் ஏறினீர்? செப்டெம்பர் வரைக்கும் வாயை மூடும். அதற்குப் பிறகு நீர் என்னவும் செய்யலாம்.

உம்முடைய இந்த மாதக் கால் படம் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜூலி


பலெர்மோ
10 ஓகஸ்ட் 2025

ஜூலி மச்சாளுக்கு,

சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். ஞானம்பிகை அக்கா அதைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்திருக்கிறா. நேர்த்தி முடிந்த பிறகு போடுவதற்காம்.

நீங்கள் சொன்னபடி வாயை மூடினேன். ஜூலையில் திருநாள் முடிந்தது. சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவவோடு மலை ஏறினேன். தனியே விட்டால் விழுந்துவிடுவா என்று எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தை இப்போது நினைத்தால் என் மூஞ்சையில் நானே துப்ப வேண்டும் போல இருக்கிறது.

போன கிழமை குசினியில் ஒரே நாற்றம். எனக்கு நாலு மாதமாக எல்லாமே நாறுகிறது, அதனால் நான் ஒன்றும் பேசவில்லை. முதலாளியம்மாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் பெட்டி எல்லாம் கவிழ்த்துப் பார்த்தா. எல்லாம் நல்ல மீன். பிறகு ஞானம்பிகை அக்காவின் றப்பர்ச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னா.

நான் எத்தனையோ அழுகலைக் கையால் அள்ளியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினேன். அடிப்பாதத்தில் மலைக் கல் ஒன்று, கடலைப்பருப்பு அளவு, சதைக்குள் புதைந்து கிடந்தது. எத்தனை நாளாகக் கிடந்ததோ அவவுக்கே தெரியாது. "நோகேல்லையடி, நோகேல்லை" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. சுற்றி எல்லாம் கறுத்து, விரல் இரண்டும் நிறம் மாறி.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். மேலே எடுக்க வேண்டி வருமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் குளிசையை நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "என் சிநேகிதிக்கு அம்மா புதுமை செய்தா, எனக்கும் செய்வா" என்று சொன்னா. மொழிபெயர்த்துச் சொல்ல அந்த அறையில் என்னைத் தவிர ஆளில்லை. நான்தான் என் வாயால் அதை இத்தாலிப் பாஷையில் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்து, "யார் அந்தச் சிநேகிதி?" என்றார்.

தெரியாது என்றேன், மச்சாள்.

மாக்கிரட்


லண்டன்
18 ஓகஸ்ட் 2025

மாக்கிரட்,

வாசித்தேன். பாவம் அந்த மனிசி. அவவுக்காக ஒரு பூசைக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் வெட்டின விரல் திரும்பி முளைக்குமா? சலரோகக்காரருக்கு எங்கே நடந்தாலும் இது வரும். உம்முடைய மனதை நீரே போட்டுக் குத்தாதையும்.

சட்டை தைத்து வந்துவிட்டது, வெகு வடிவு. இன்னும் ஒரே ஒரு பேனை போட்டால் கச்சிதமாக இருக்கும். அவன் படம் இல்லாமல் மருந்து தரமாட்டேன் என்று நிற்கிறான். கடைசித் தடவையாகக் கேட்கிறேன், கால் படம் ஒன்று அனுப்பும்.

ஜூலி


பலெர்மோ
7 செப்டெம்பர் 2025

ஜூலி மச்சாளுக்கு,

இது நீங்கள் தனியே இருந்து வாசிக்க வேண்டிய கடிதம். அருளையா அண்ணையிடம் கொடுக்கவில்லை, தபாலில் அனுப்புகிறேன். அவருக்கும் டின்னுக்குள் இருந்தது இன்சுலின் இல்லை என்று சொல்லிவிட்டேன். மனிசன் என் வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று போய்விட்டார்.

முதலில் ஞானம்பிகை அக்காவிடம் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, ஊசி, பேனை, தராசு, உங்கள் முகம், என் கால், ஒன்றும் விடாமல் எல்லாம் சொன்னேன். அவ தலையணையில் எழும்பிச் சாய்ந்தா. பிறகு கேட்டா:

"குகையிலை அம்மாவுக்கு முன்னாலை நிண்டு நீ என்னத்தைக் கும்பிட்டனி?"

நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்து நீட்டினேன். அவ வாங்கவில்லை.

"நீ பொய் சொன்னதைக் கூட விடுவன் மாக்கிரட். நான் கல்லிலை நடக்கேக்கை நீ எனக்குப் பக்கத்திலை நடந்தனி. நாங்கள் நடக்கேக்கை என்ரை காலை எத்தினை தரம் பாத்திருப்பாய்."

அவ்வளவுதான் சொன்னா. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஜூலைத் திருநாளுக்குப் பிறகு, சென்ற வியாழன் சாந்தா ரொசாலியா அம்மா இறந்த நினைவு நாள். இன்றைக்குத் தமிழ்ப் பூசையில் சுவாமி திரும்பவும், "ஆராவது சாட்சி சொல்ல இருக்கினமோ?" என்றார். எழும்பிப் போய்ச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. லண்டனில் ஒருவர் என்று மட்டும் சொன்னேன். எனக்குப் புதுமை ஒன்றும் நடக்கவில்லை, கடல் கடந்து கள்ளமாக வந்த ஊசி, அதை அம்மாவின் தலையில் கட்டினேன், அதை நம்பி ஒரு மனிசி விரலை இழந்துவிட்டா, ஒருவரும் இனி வெறுங்காலோடும் வெறும் வயிற்றோடும் ஏறவேண்டாம் என்று சொன்னேன். கோயிலில் ஒரு செருமல் கூட இல்லை.  வெளியே வந்தால் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். துப்பட்டும் என்றுதான் வந்தேன்.

மச்சாள், ஒருத்தியும் துப்பவில்லை. வாசலில் ஒவ்வொருத்தியாகக் கிட்ட வந்தார்கள். குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்து. "மாக்கிரட்டக்கா, அந்த லண்டன் ஆளின்ரை நம்பர் தாறியளோ?" "எங்களுக்கும் கால் படம் அனுப்பினாக் காணுமோ?" ஞானம்பிகை அக்காவின் விரலுக்காகக் காலையில் உண்டியல் குலுக்கினவளும் கேட்டாள். மாப்பிள்ளையின் தாய்க்குத் தங்கச்சி என்று நீங்கள் பயந்தீர்களே, அந்த பகேரியாக்காரியும் கேட்டா. அவ மட்டும் நாரியையும் பிடித்துப் பார்த்தா. நீங்கள் கல்யாணத்துக்குப் பயப்பட வேண்டாம், ஒருவரும் குழப்பமாட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் என் போனுக்குத் தராசில் ஏறி நிற்கிற கால்கள் வந்து விழத் தொடங்கிவிட்டன. வெடித்த குதி, வீங்கின கணுக்கால், கொலுசுக்கால். ஒவ்வொன்றாக அழித்தேன். இப்படி ஒரு அருவருப்பு எனக்கு மீன் குடலிலும் வந்ததில்லை, உங்கள் மண்டபத்திலும் வந்ததில்லை.

மிச்சம் கிடந்த பேனையை நேற்றே மருந்துக்கடையில் கொடுத்து அழிக்கச் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வருவேன். தாய்மாமன் பெண்சாதி வராமல் றம்யா தனியே நடக்கக் கூடாது, அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. நீங்கள் தைத்த சட்டை அன்றைக்கு எனக்குக் கொள்ளாது. பச்சைச் சேலையோடு வருவேன், முன்னுக்குத்தான் நிற்பேன். அந்த வீடியோக்காரனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேட்ட படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். இன்று பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், நீங்கள் இன்னும் கால் படம் கேட்பதை ஞானம்பிகை அக்காவிடம் சொன்னேன். அவதான் போர்வையை விலக்கி, "எடு. இதை அனுப்பு" என்றா. தராசில் ஏறி நிற்க அவவால் இன்னும் முடியாது, அதனால் கட்டிலில் வைத்து எடுத்தது. உங்கள் டாக்டர்ப் பொடியனுக்கு வழமைபோல முகத்தைக் காட்டுங்கள், பிறகு இந்தக் காலைக் காட்டுங்கள். இந்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், இரண்டு விரல் என்று சொல்லுங்கள்.

மாக்கிரட்